வந்தும் வராத ட்யூக்

2011 ஜூன் 10 அன்று பல நாடுகளில் 'ட்யூக் நியூகெம் ஃபாரெவர்' கடைக்கு வந்தது. அறிவித்த நாளுக்கும் வெளிவந்த நாளுக்கும் இடையே 14 ஆண்டுகள், 44 நாட்கள். மிக நீண்ட காலம் தயாரிப்பில் கிடந்த வீடியோ கேம் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. அதைத் தவிர ரசிகர்கள் மெச்சிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றுமில்லை. விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி மதிப்பெண் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்புக்கு 100-க்கு 54. எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பு 50-ஐக்கூட எட்டவில்லை.

இத்தனை வருட எதிர்பார்ப்பை எந்த கேமாலும் ஈடுகட்ட முடியாது என்று சிலர் அப்போது சமாதானம் சொன்னார்கள். அதில் பாதிதான் உண்மை. முந்தைய கேமில் எதை ரசித்தார்களோ அதையே பிந்தையது கழற்றி வைத்துவிட்டது என்பதுதான் ரசிகர்களின் ஆற்றாமை. அது விளங்க வேண்டுமானால் 1996-ல் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸை ஒட்டிய கார்லண்ட் ஊரில் இயங்கிய நிறுவனம் அபோஜி. அதன் நிறுவனர் ஸ்காட் மில்லர் கையாண்ட வியாபார உத்தி ஷேர்வேர். கேமின் முதல் பாகத்தை இலவசமாக விட்டுவிடுவார்கள். அது ஃப்ளாப்பியில் கைமாறி ஊரெல்லாம் பரவும். ருசி கண்டவர்கள் பணம் கட்டி மிச்சப் பாகங்களை வாங்குவார்கள். ட்யூக் நியூகெம் 1991-ல் இப்படித்தான் அறிமுகமானான். பக்கவாட்டில் ஓடித் தாவிச் சுடும் கேம் அது. 1993-ல் இரண்டாவது வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேரின் 'டூம்' வெளியாகி, துப்பாக்கி முனையிலிருந்து உலகைப் பார்க்கும் ஷூட்டர்களின் காலத்தைத் தொடங்கிவைத்தது.

அபோஜியின் இன்னொரு பெயரான 3டி ரெல்ம்ஸ் இதற்குச் சொன்ன பதில், 1996 ஜனவரியில் ஷேர்வேராக வந்த 'ட்யூக் நியூகெம் 3டி'. கென் சில்வர்மேன் என்ற இருபது வயது இளைஞர் எழுதிய பில்ட் எஞ்சினில், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில், அது ஓடியது. தொழில்நுட்பக் கணக்கில் அது முழுமையான முப்பரிமாணம்கூட இல்லை. பல இடங்களில் கண்கட்டு வித்தைதான். ஆனால் அந்த வித்தையில் ரயில் ஓடியது, கட்டடம் இடிந்தது, சுவர் வெடித்து வழி திறந்தது.

முதல் லெவலை எடுத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு மொட்டை மாடியில் ட்யூக் நிற்கிறான். சுழலும் காற்றாடியைச் சுட்டு உடைத்துக் குழாய்க்குள் குதித்தால் தெருவில் வந்து விழலாம். எதிரே ஒரு சினிமா தியேட்டர். உள்ளே போய் புரொஜெக்டர் அறையைக் கண்டுபிடித்து சுவிட்சைத் தட்டினால் திரையில் படம் ஓடும். கழிப்பறையில் பீங்கானை உடைத்தால் தண்ணீர் பீச்சியடிக்கும். அதைக் குடித்தால் இழந்த உயிர்ச்சக்தி கொஞ்சம் திரும்பும். எந்தச் சுவருக்குப் பின்னால் எந்த ரகசிய அறை இருக்கிறது என்று துழாவுவதிலேயே நேரம் போய்விடும். எதிரிகளைச் சுடுவது பாதி வேலைதான். அந்த இடத்தையே நோண்டிப் பார்ப்பது மீதி.

கையில் ஆயுதங்களுக்கும் குறைவில்லை. பிஸ்டலில் தொடங்கி ராக்கெட் லாஞ்சர், பைப் வெடிகுண்டு, எதிரியைச் சுண்டெலி அளவுக்குச் சுருக்கி மிதிக்க வைக்கும் துப்பாக்கி வரை, கிடைத்ததையெல்லாம் ஒரே நேரத்தில் சுமந்து திரியலாம். முதுகில் மாட்ட ஜெட்பேக் வேறு. போதாததற்கு லெவல்களை உருவாக்கும் மென்பொருளையும் சிடியிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். ரசிகர்கள் தாங்களே லெவல் கட்டிப் பழகினார்கள்.

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வினையும் அங்கேதான் முளைத்தது.

1997 ஏப்ரலில் மில்லரின் கூட்டாளி ஜார்ஜ் பிரவுசார்ட் 'ஃபாரெவர்' வரப்போவதாக அறிவித்தார். ஐடி நிறுவனத்தின் குவேக் 2 எஞ்சினில் செய்வதாகத் திட்டம். 1998 மே மாதம் இ3 வீடியோ கேம் கண்காட்சியில் டிரெய்லரும் காட்டினார்கள்; கூட்டம் சொக்கிப்போனது. அடுத்த சில வாரங்களிலேயே குவேக்கை விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சினுக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. செய்த வேலையில் பெரும்பகுதியை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. 2001-ல் இன்னொரு டிரெய்லர், மறுபடியும் ஆரவாரம், மறுபடியும் மௌனம். எப்போது வெளியீடு என்று கேட்டவர்களுக்கு நிறுவனத்திடம் ஒரே பதில்: முடிந்ததும் வரும். 'வயர்டு' இதழ், வராத மென்பொருள்களைக் கிண்டலடித்துத் தரும் விருதில் 2003-ல் ட்யூக்குக்கு வாழ்நாள் சாதனையாளர் பட்டமே கொடுத்துவிட்டது.

வேறு நிறுவனமாக இருந்திருந்தால் பணம் போட்டவர்கள் கழுத்தில் துண்டைப் போட்டு வேலையை முடிக்க வைத்திருப்பார்கள். இங்கே கேள்வி கேட்க ஆளில்லை. முந்தைய கேம் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில், 2 கோடி டாலருக்கும் மேல் சொந்தக் காசைப் போட்டுத்தான் கேமைச் செய்தார்கள். அதனால் கெடு என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. 1998 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப்', 2001-ல் 'ஹேலோ' என்று ஷூட்டர்களின் இலக்கணம் மாறிக்கொண்டே இருந்தது. மற்ற கேம்களில் புதிதாக எதைப் பார்த்தாலும் அது தன் கேமிலும் வேண்டும் என்று பிரவுசார்ட் நின்றதாக உடன் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஓடுகிறவர்களைப் பிடிப்பதற்காகவே ஓடிய ஓட்டம் அது. அதற்கு முடிவு எப்படி வரும்?

பணம்தான் முடித்துவைத்தது. 2009 மே மாதம் கஜானா காலியாகி, தயாரிப்புக் குழு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. வெளியீட்டு உரிமையை வைத்திருந்த டேக்-டூ நிறுவனம் வழக்குப் போட்டது. வேலை இழந்தவர்களில் சிலர் ட்ரிப்டிக் என்ற சிறு நிறுவனமாகக் கூடிக் கேமைக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் 3டி ரெல்ம்ஸில் வேலை பார்த்த ராண்டி பிட்ச்ஃபோர்டின் கியர்பாக்ஸ் நிறுவனம் அதைக் கையிலெடுத்து, 2010 செப்டம்பரில் மீண்டும் அறிவித்து, மறு ஆண்டு வெளியிட்டது.

இப்படிப் பல கை மாறி வந்த கேமில் ட்யூக்கின் குரல் இருந்தது. ஜான் செயின்ட் ஜான்தான் மறுபடியும் பேசியிருந்தார். கறுப்புக் கண்ணாடி இருந்தது, பன்றி முகப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ஆனால் ஆயுதம் இரண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. அடிபட்டால் மருந்துப் பெட்டி தேட வேண்டாம். ஒரு மறைவில் ஒதுங்கி நின்றால் 'ஈகோ' என்று பெயர் சூட்டிய உயிர்ச்சக்தி தானே ஊறிவிடும். ஆயுத வரம்பு ஹேலோ பிரபலமாக்கிய விதி; தானே ஊறும் உயிர்ச்சக்தி 2000-களில் ஏறக்குறைய எல்லா ஷூட்டர்களுக்கும் தொற்றிய வழக்கம். தெருவும் தியேட்டருமாகத் திறந்து கிடந்த லெவல்களின் இடத்தில், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ஒற்றைப் பாதைகள். கன்சோலில் ஆடியவர்கள் செத்துச் செத்துப் பிழைக்கும்போதெல்லாம் அடுத்த காட்சி ஏறும் வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

வேடிக்கை ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஹேலோ நாயகனின் கவசத்தைப் போன்ற ஒன்றை ட்யூக்குக்கு நீட்டுகிறார்கள். அதெல்லாம் கோழைகளுக்கு என்ற தொனியில் கேலி பேசி ஒதுக்குகிறான். கவசத்தை ஒதுக்கியவன் கையில் அதே ஹேலோவின் இரண்டு துப்பாக்கி விதி. ரசிகர்களின் கூச்சலுக்குப் பிறகு கணினிப் பதிப்பில் மட்டும் நான்கு ஆயுதங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

நகைச்சுவையும் பழசாகிவிட்டது. 1996-ல் கவர்ச்சி நடனமும் கொச்சைப் பேச்சும் வாலிபக் குறும்பாகக் கழிந்தன. புதிய கேமில் வேற்றுக்கிரகவாசிகள் பெண்களைக் கடத்திக் கருவுறச் செய்யும் ஒரு பகுதியை வைத்து, அங்கும் ஜோக் அடிக்க முயன்றார்கள். பழைய ரசிகர்களிலேயே பலருக்கு அது குமட்டியது.

காலம் கடந்தாலே கேம் கெட்டுவிடும் என்றும் இல்லை. ஐடி நிறுவனமும் 'டூம்' வரிசையின் அடுத்த கேமை வருடக்கணக்கில் செய்து, அது பிற ஷூட்டர்களின் சாயலில் வருகிறது என்று உணர்ந்து, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. 2016-ல் வந்த 'டூம்' எல்லா ஆயுதங்களையும் சுமக்க விட்டது. ஒளிந்து நின்றால் உயிர்ச்சக்தி ஊறாது. எதிரியை நெருங்கிப் போய் முடித்தால் கிடைக்கும். ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

2022 மே மாதம், 2001 காலத்து 'ஃபாரெவர்' பதிப்பு ஒன்று இணையத்தில் கசிந்தது. டிரெய்லரில் பார்த்து ஏங்கிய இடங்கள் சில அதில் நிஜமாகவே இருந்தன. அது அசல்தான் என்று பிரவுசார்ட் ஒப்புக்கொண்டார். ஆனால் முழு கேமை எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலும் ஆளரவமற்ற சோதனை லெவல்கள்தான் என்றும் எச்சரித்தார். ரசிகர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரைகுறையாகக் கிடந்த பகுதிகளை ஒட்டவைத்து, விடுபட்டதைத் தாங்களே கட்டி, அந்தப் பழைய பதிப்பை ஆடக்கூடியதாக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.