மலையூர்களுக்கு ஒரு பாடகர்



திருவழிபாட்டு இசைப் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னால், கீபோர்டு வாசிப்பவரையே நாம் தேடுகிறோம். திருச்சபை கேட்பது வேறு. திரு இசை பற்றி 1967 மார்ச் 5 அன்று உரோமை வெளியிட்ட 'மூசிக்காம் சாக்ரம்' என்னும் ஏடு (எண் 21), சிறிய பாடகர் குழுகூட அமைக்க இயலாத இடங்களில், நன்கு பயிற்சி பெற்ற ஒருவர் அல்லது இருவராவது இருக்க வேண்டும் என்கிறது. எளிய பாடல்களைப் பாடி, மக்களையும் பாடவைத்து, தேவையான அளவு துணைநிற்பதே அவர் பணி. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது!

எனவே, பதிலுரைப் பாடலின் பல்லவியை எல்லாருக்கும் எட்டும் சுருதியில் தொடங்கவும், 'தூயவர்' பாடலை மக்களிடமே விட்டுவிடவும் அவர் கற்றுவரட்டும். மலைமக்களுக்கென்று சொந்த மெட்டுகள் உண்டு. மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கூறியுள்ளது (திருவழிபாடு, எண் 119). அவற்றைச் சமவெளியில் மறந்துவிட்டு வரக்கூடாது.

திரும்பி வந்தவருக்கு ஞாயிறு திருப்பலிக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குவது பங்குத்தந்தையின் பொறுப்பு. முன்பு ஒருமுறை நான் அதைச் செய்யவில்லை. அவர் கற்றுவந்த பாடல்கள் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டன.