கடல் ஊருக்குள் வந்தப்போ

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி ஆடியது. ரெண்டரை மணி நேரம் கழித்துத்தான் நம்ம காரைக்கால் கரைக்குத் தண்ணீர் வந்தது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்.

ஆழக்கடலில் அலை தெரியாது. தொழிலுக்குப் போன ஆம்பளைங்க பலர் தப்பிச்சாங்க. மீனுக்காகக் கரையில் நின்ற பொம்பளைங்கதான் அதிகம் போனாங்க. வடக்கே கடலூர் மாவட்டத்தில் ஆக்ஸ்பாம் சொன்ன கணக்கு: பெண்கள் 391, ஆண்கள் 146. காலில் சேலை, இடுப்பில் பிள்ளை, நீச்சலும் தெரியாது.

அப்புறம் கட்டுமரம் போய் பைபர் போட் வந்தது. ஆனா தலைச்சுமையா மீன் விக்கிறவங்களோட கூடை, தராசு, கைமுதல் பத்தி யாரும் பெரிசா பேசலை. அந்தக் கைமுதலை நம்ம அக்காமார் குழுவில் உள்கடன் எடுத்துத்தான் புரட்டினாங்க. இன்னைக்கும் பொண்ணுக்கு நீச்சல் கத்துக்கொடுத்த வீடு நம்ம பக்கம் குறைச்சல்தான்.