வலது ஓரத்தின் சுமை: 1982 பிரேசில் அணியின் குறுகிய ஆட்ட முறை குறித்து

1982 ஜூலை 5ஆம் தேதி பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் இத்தாலி 3–2 என்ற கணக்கில் பிரேசிலை வீழ்த்தியது. டிரா செய்திருந்தாலே பிரேசில் உலகக் கோப்பையின் அரையிறுதிக்குப் போயிருக்கும். அந்தத் தோல்விக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. அழகாக ஆடும் ஆசையில் தற்காப்பை மறந்தார்கள் என்பது ஒன்று. செரேசோவின் தவறான பாஸும் பாவ்லோ ரோஸ்ஸியின் நல்ல நேரமும்தான் காரணம் என்பது மற்றொன்று. முன்னது குணத்தைக் குறை சொல்கிறது, பின்னது விதியை. இரண்டுமே அணி எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதைப் பார்ப்பதில்லை. டெலே சன்டானாவின் அணியில் வலது ஓரத்துக்கென்று நிலையான ஆள் இல்லை. அந்த ஓரம் முழுவதையும் ஃபுல்பேக் லேயாண்ட்ரோவின் தலையில் கட்டியிருந்தார்கள். தாக்கும்போது இந்தக் குறை தெரியவில்லை. பந்தை இழந்த பிறகுதான் அதன் விலை தெரிந்தது.

இது தோற்ற பிறகு கண்டுபிடித்த குற்றச்சாட்டு அல்ல. அணி ஸ்பெயினுக்குப் போவதற்கு முன்பே பிரேசிலில் இதே பேச்சுதான். நகைச்சுவை நடிகர் ஜோ சோவாரெஸ் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சாதாரண ரசிகனாக வேடமிட்டு, பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்து, ‘விங்கரைப் போடு, டெலே!’ என்று மன்றாடுவார். நாடே அதைத் திருப்பிச் சொன்னது. டெலேயின் பக்கமும் நியாயம் இருந்தது. ஸிக்கோ, சாக்ரடீஸ், ஃபல்காவோ, செரேசோ: இந்த நால்வரில் யாரை வெளியே உட்கார வைப்பது? நால்வரும் ஆடினால் ஏதாவதோர் ஓரத்தில் ஆள் குறையத்தான் செய்யும். இடது ஓரத்தில் எடேர் இருந்ததால் வலது ஓரம் காலியானது. நடுக்களத்தினர் மாறி மாறி அங்கே போவார்கள், மற்ற நேரத்தில் லேயாண்ட்ரோ பின்னாலிருந்து வருவார் என்பது ஏற்பாடு. செரேசோ ஆடாத முதல் போட்டியில், சோவியத் யூனியனுக்கு எதிராக, டிர்சேயுவுடன் தொடங்கிய டெலே இடைவேளையில் அவரை எடுத்துவிட்டுப் பாவ்லோ இசிதோரோவை இறக்கினார். அந்த ஓரம் அவரையும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

விங்கர் இல்லாததால் கோல் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து போட்டிகளில் 15 கோல்கள். நியூசிலாந்துக்கு எதிராக லேயாண்ட்ரோ வலப்புறமிருந்து அனுப்பிய கிராஸை ஸிக்கோ அந்தரத்தில் கத்தரிக்கோலாய்க் கால் வீசி வலைக்குள் அடித்தார். அர்ஜென்டினாவுக்கு எதிராக அதே ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் ஃபல்காவோ. செர்ஜினியோ தலையால் முட்டினார். மூன்றாவது கோலை அடித்தவரோ இடது ஃபுல்பேக் ஜூனியர். அவர் ஓரத்தோடு ஓடுவதைவிட உள்ளே வெட்டி வந்து நடுக்களத்தில் ஆடுவதையே விரும்பிய வலக்காலர். பின்னாளில் டொரினோவில் நடுக்கள வீரராகவே ஆடினார்.

ஆக, ஃபுல்பேக்குகள் முன்னேறலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. யாரை நம்பி முன்னேறினார்கள் என்பதே கேள்வி. ஃபுல்பேக் ஒருவர் மேலே போக இரண்டு பேருடைய உதவி வேண்டும். முன்னால் ஒருவர் எதிரணியின் ஃபுல்பேக்கைக் கட்டிப்போட வேண்டும், அல்லது இழுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஒருவர் காலியான இடத்தைக் காக்க வேண்டும். லேயாண்ட்ரோவும் ஜூனியரும் ஃப்ளமெங்கோ ஆட்டக்காரர்கள். 1981 டிசம்பரில் டோக்கியோவில் லிவர்பூலை 3–0 என்று வென்ற அந்த அணியில் லேயாண்ட்ரோவுக்கு முன்னால் டீட்டா, ஜூனியருக்கு முன்னால் லீக்கோ, நடுவில் இடம் பெயராத ஆந்திராதே. 1970 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரேசிலின் வலது ஃபுல்பேக் கார்லோஸ் ஆல்பர்ட்டோ இத்தாலிக்கு எதிராக அடித்த கடைசிக் கோலும் இந்தக் கணக்கில்தான் விளைந்தது. வலது ஓரத்துக்குரிய ஜயிர்சினியோ இடப்பக்கம் நகர்ந்ததும் அவரைக் காத்த ஃபக்கெட்டி பின்னாலேயே போனார்; திறந்த வெளிக்குள் பெலே பந்தை உருட்டிவிட்டார். பின்னாலும் காவல் இருந்தது: அந்த அணியின் இடது ஃபுல்பேக் எவரால்டோ அதிகம் மேலே போனவர் அல்லர்.

1982 அணியில் வலப்பக்கம் இந்த இரு துணைகளுமே இல்லை. முன்னால் விங்கர் இல்லை. பின்னால் காக்க வேண்டிய செரேசோவும் ஃபல்காவோவும் முன்னேறுவதில் பிரியம் கொண்டவர்கள். பத்திஸ்தா என்ற தடுப்பு வகை நடுக்கள வீரர் குழுவில் இருந்தார். அர்ஜென்டினா போட்டியில் மாற்று வீரராக வந்து மரடோனாவிடம் உதை வாங்கியவர் அவர்தான். தொடக்கப் பதினொருவரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

சாரியாவின் முதல் கோலை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஐந்தாவது நிமிடம். இத்தாலியின் கோன்ட்டி பந்தோடு முன்னேறி, இடக்காலின் வெளிப்புறத்தால் இடது ஓரத்துக்கு மாற்றினார். அங்கே வந்துகொண்டிருந்தவர் கப்ரீனி, இத்தாலியின் இடது ஃபுல்பேக். அவருக்கு எதிரே நிற்க வேண்டிய பிரேசில் விங்கர் அணியிலேயே இல்லையாதலால் அவரைத் தொடர்ந்து ஓடி வரவும் யாருமில்லை. நிமிர்ந்து பார்த்து, நிதானமாக கிராஸ் அடிக்க அவருக்கு அவகாசம் இருந்தது. தூரத்துக் கம்பத்தின் பக்கம் ஓடி வந்த ரோஸ்ஸி தலையால் தள்ளிவிட்டார். பயிற்சியாளர் பேர்சோட்டின் இத்தாலி தன் இடது ஃபுல்பேக்கை முன்னே அனுப்பிப் பழகிய அணி. அந்த ஓரத்தையே பிரேசில் அதற்குத் திறந்துவைத்தது.

இரண்டாவது கோல் செரேசோவின் குறுக்குப் பாஸை ரோஸ்ஸி பறித்ததால் விழுந்தது. தவறு அவருடையதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லோரும் நடுவிலேயே குவிந்து நிற்கும் அணியில் பாஸும் நடுவிலேதான் போகும். ஓரத்தில் பறிகொடுத்தால் மீட்க நேரம் கிடைக்கும். கோலுக்கு நேர் எதிரே பறிகொடுத்தால் கிடைக்காது.

ஓரத்தின் மதிப்பைக் காட்டும் சாட்சியம் பிரேசில் அடித்த கோலிலேயே இருக்கிறது. 68ஆவது நிமிடம் ஜூனியர் இடமிருந்து உள்ளே வந்து ஃபல்காவோவுக்குக் கொடுத்தார். அந்த நொடியில் செரேசோ அவரைக் கடந்து வலப்புறமாக ஓடினார். இத்தாலியத் தடுப்பாளர்கள் அவரோடு சாய்ந்தார்கள். நடுவில் விழுந்த இடைவெளியில் ஃபல்காவோ இடக்காலால் அடித்தார். விங்கர் செய்திருக்க வேண்டிய வேலையை அந்தச் சில விநாடிகள் செரேசோ செய்தார்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான செய்தியும் உண்டு. 2–2 ஆன கையோடு டெலே செர்ஜினியோவை எடுத்துவிட்டுப் பாவ்லோ இசிதோரோவை இறக்கினார். வலது ஓரத்துக்குக் கடைசியில் ஆள் வந்தாகிவிட்டது. ஆனாலும் 74ஆவது நிமிடம் மூன்றாவது கோல் விழுந்தது. கார்னரிலிருந்து டார்டெல்லி அடித்த பந்தை ரோஸ்ஸி திருப்பிவிட்டார். கோல் கோட்டருகே நின்ற ஜூனியரால் அவர் ஆஃப்சைடு ஆகவில்லை. இந்தக் கோலை விங்கர் இல்லாமையோடு முடிச்சுப் போடுவது வம்படியாகும். இழந்த மூன்றில் ஒன்று நேரடியாகவும் இன்னொன்று ஓரளவுக்கும் அமைப்பின் விளைவு என்பதற்கு மேல் நான் கோரவில்லை. ‘விங்கரைப் போடு’ என்ற கூக்குரலும் பாதிதான் சரி. முன்னால் ஆள் இல்லாவிட்டாலும் பின்னால் ஒருவர் நங்கூரமாக நின்றிருந்தால் கப்ரீனியின் கிராஸுக்கு முன்பே லேயாண்ட்ரோவுக்குத் துணை கிடைத்திருக்கலாம்.

அதை 12 ஆண்டுகள் கழித்துப் பிரேசில் பயிற்சியாளர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரெய்ரா செய்து பார்த்தார். 1994 அணியும் குறுகியதுதான். மசினியோவும் ஸின்யோவும் விங்கர்கள் அல்லர். ஜோர்ஜினியோ வலப்புறமிருந்து தாராளமாக மேலே போனார்; ஸ்வீடனுக்கு எதிரான அரையிறுதியில் ரொமாரியோ முட்டிய ஒரே கோல் அவர் அனுப்பிய கிராஸில் வந்தது. வேறுபாடு பின்னால் இருந்தது: துங்காவும் மவுரோ சில்வாவும் பாதுகாப்பை விட்டு அசையவில்லை. அலுப்பூட்டும் ஆட்டம் என்று பிரேசிலிலேயே பலர் முகம் சுளித்தார்கள். இத்தாலிக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஜோர்ஜினியோ காயமடைந்து முதல் பாதியிலேயே வெளியேற, கஃபு வந்தார். ஃபுல்பேக் மாறியும் ஏற்பாடு குலையவில்லை. பெனால்டிக்குப் போகும்வரை 120 நிமிடங்களில் இத்தாலியால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை.