மின்வேதி வருடு ஊடுருவு நுண்ணோக்கி

மின்வேதி வருடு ஊடுருவு நுண்ணோக்கி என்பது மின்பகுளிக் கரைசலில் மூழ்கியுள்ள மின்வாயின் மேற்பரப்பை, வேதிவினை நிகழும்போதே அணு அளவில் படம்பிடிக்கும் கருவியாகும். கெர்டு பின்னிக், ஹைன்ரிச் ரோரர் ஆகியோர் 1981இல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் உருவாக்கிய வருடு ஊடுருவு நுண்ணோக்கியின் வழிவந்தது இது. அக்கருவிக்காக அவ்விருவரும் 1986ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றனர்.

முன்னர் மின்வாயை வெளியே எடுத்து, வெற்றிடத்தில் வைத்தே இத்துணை நுணுக்கமாக ஆராய முடிந்தது. எடுத்தவுடன் மின்னழுத்தக் கட்டுப்பாடு அற்றுவிடும். ஒட்டியிருந்த அயனிகளும் இடம் மாறக்கூடும். ஆகவே காணப்பட்டது வினையன்று, அதன் தடயமே.

அமைப்பு

கூரிய உலோக ஊசி ஒன்று மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1 நானோமீட்டர் தொலைவில் நகர்கிறது. இடைவெளியை எலக்ட்ரான்கள் குவாண்டம் ஊடுருவல் மூலம் கடப்பதால் நானோஆம்பியர் அளவில் மின்னோட்டம் உண்டாகிறது. இடைவெளி சிறிது கூடினாலும் இது பன்மடங்கு குறையும். கரைசலிலோ ஊசியே மற்றொரு மின்வாயாகிவிடுகிறது. அதில் நிகழும் வினையின் மின்னோட்டம் ஊடுருவு மின்னோட்டத்தை மூழ்கடித்துவிடும். இதனைத் தவிர்க்க, நுனி மட்டும் வெளியே தெரியுமாறு ஊசி மெழுகு அல்லது கண்ணாடியால் பூசப்படுகிறது. ஊசி, மின்வாய் இரண்டின் மின்னழுத்தங்களும் ஓர் ஒப்பீட்டு மின்வாயைச் சார்ந்து தனித்தனியே கட்டுப்படுத்தப்படுகின்றன. இம்முறை 1988 அளவில் நடைமுறைக்கு வந்தது.

கண்டறிந்தவை

பெரிதும் ஆராயப்பட்டது தங்கத்தின் (111) முகமாகும். எதிர் மின்னழுத்தத்தில் இதன் மேலடுக்கில், கீழடுக்கின் 22 அணுக்களுக்குரிய இடத்தில் 23 அணுக்கள் நெருங்கி அமைகின்றன. மின்னழுத்தத்தை உயர்த்தினால் இவ்வமைப்பு குலைந்து, மிகுதி அணுக்கள் ஓரணு உயரமுள்ள சிறு தீவுகளாகத் திரள்வதைப் படங்களில் நேரடியாகக் காணலாம்.

இதே முகத்தில் கந்தக அமிலக் கரைசலிலிருந்து செம்பு படியும்போது சீரான புள்ளிகள் தெரிந்தன. அவை செம்பு அணுக்கள் என முதலில் கருதப்பட்டன. பின்னர், 1990களின் எக்சு-கதிர் ஆய்வுகள் அவை சல்பேட்டு அயனிகள் என்றும், செம்பு அவற்றைச் சுற்றித் தேன்கூட்டு வடிவில் அமைந்துள்ளது என்றும் காட்டின. இக்கருவி காட்டுவது எலக்ட்ரான் பரவலையே. அணுவின் அடையாளத்தை அது கூறுவதில்லை.

குறைபாடுகள்

ஊசி தனக்குக் கீழுள்ள பகுதிக்கு அயனிகள் வருவதைத் தடுப்பதால், அங்கே படிவு மெதுவாக நிகழலாம். வருடாத அண்டைப் பகுதியுடன் ஒப்பிட்டே இதனை உறுதிசெய்ய வேண்டும். வழக்கமான கருவிகளில் ஒரு படத்திற்குப் பல வினாடிகள் தேவை. விரைவு வகைகள் வினாடிக்குப் பத்துப் படங்களுக்கு மேல் எடுக்கின்றன. தொல்லையாகக் கருதப்பட்ட இரைச்சலும் பயன்பட்டுள்ளது. வினை நிகழும் இடங்களில், குறிப்பாகப் படி விளிம்புகளில், ஊடுருவு மின்னோட்டத்தின் இரைச்சல் மிகுவதைக் கொண்டு வினையூக்கியின் செயல்மிகு இடங்களை இனங்காணும் முறையை மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர்.