டைஎத்திலீன் கிளைக்கால்

டைஎத்திலீன் கிளைக்கால் என்பது நிறமும் மணமும் அற்ற, இனிப்புச் சுவையுடைய, பாகு போன்ற ஒரு நீர்மம் ஆகும். இது ஒரு கரிமச் சேர்மம். இரண்டு எத்திலீன் கிளைக்கால் மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஈதர் பிணைப்பால் இணைந்தது போன்ற அமைப்பை உடையது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பரவலாகப் பயன்படும் இச்சேர்மம், உட்கொண்டால் நஞ்சாகும்.

பண்புகள்

இதன் ஒரு மூலக்கூறில் 4 கரிம அணுக்களும் 10 ஐதரசன் அணுக்களும் 3 ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. மூலக்கூற்று எடை 106.12. ஏறத்தாழ −10 பாகை செல்சியசில் உறைந்து, 245 பாகையில் கொதிக்கும். நீருடனும் எத்தனாலுடனும் எந்த விகிதத்திலும் கலக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தோற்றத்தாலும் சுவையாலும் கிளிசரினிலிருந்து இதனைப் பிரித்தறிவது அரிது. இதன் வரலாற்றில் நேர்ந்த துயரங்களுக்கு இவ்வொற்றுமையே முதற்காரணம்.

தயாரிப்பு

இதற்கெனத் தனி ஆலைகள் பொதுவாக அமைக்கப்படுவதில்லை. எத்திலீன் ஆக்சைடை நீருடன் உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வினைபுரியச் செய்து எத்திலீன் கிளைக்கால் தயாரிக்கும்போது இது துணை விளைபொருளாகக் கிடைக்கிறது. உருவான எத்திலீன் கிளைக்கால் மேலும் ஓர் எத்திலீன் ஆக்சைடு மூலக்கூறுடன் இணைவதே காரணம். விளைபொருள்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இதுவாகும். நீரின் அளவைக் கூட்டினால் இப்பங்கு குறையும். பின்னர், குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்துப் பிரிக்கின்றனர்.

பயன்கள்

பாலியெசுத்தர் பிசின், பாலியூரித்தேன் ஆகியவற்றின் மூலப்பொருளாகவும், சாயங்கள், அச்சு மை ஆகியவற்றின் கரைப்பானாகவும், இயற்கை எரிவளியிலிருந்து ஈரத்தை நீக்கவும் பயன்படுகிறது. தடைத் திரவங்களிலும் (பிரேக் எண்ணெய்) சேர்க்கப்படுகிறது.

நச்சுத்தன்மை

உடலில் நொதிகளால் இது டைகிளைக்காலிக் அமிலமாக மாற்றப்படுகிறது. இவ்வமிலம் சிறுநீரக நுண்குழல்களில் தேங்கி அவற்றின் செல்களை அழிக்கிறது. சிறுநீர் நின்றுபோதல் முக்கிய அறிகுறி. நரம்பு மண்டலமும் பின்னர் பாதிக்கப்படலாம்.

1937 இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை. எத்தனால் இல்லாத கரைசலை 'எலிக்சிர்' எனப் பெயரிட்டதே குற்றமாகக் கொள்ளப்பட்டது! விற்பனைக்கு முன் பாதுகாப்பை மெய்ப்பிக்கக் கோரும் சட்டம் 1938 இல் இயற்றப்பட்டது. 1985 இல் ஆசுத்திரிய வைன்களில் இனிப்பும் அடர்த்தியும் கூட்ட இதைக் கலந்தது வெளிப்பட்டது.

பிற்கால நிகழ்வுகளில் பெரும்பாலானவை கலப்படத்தால் நேர்ந்தவை. நீர்ம மருந்துகளில் சேரும் கிளிசரினுக்கும் புரொப்பிலீன் கிளைக்காலுக்கும் மாற்றாக, விலை குறைந்த இது நுழைந்துவிடுகிறது. 2006 இல் பனாமாவில், சீனாவிலிருந்து பல வணிகர்களின் கைமாறி வந்த பீப்பாய்களில் கிளிசரின் என எழுதப்பட்டிருந்தது. 2025 இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா மாவட்டத்தில் இருமல் மருந்து அருந்திய குழந்தைகள் பலர் இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தைத் தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. மருந்துத் தரக் கிளிசரினில் பொதுவாக ஏற்கப்படும் உச்ச அளவு 0.1 விழுக்காடு மட்டுமே.

வளிம நிறச்சாரல் பிரிகை முறையில் இதனைக் கண்டறியலாம். மூலப்பொருளின் ஒவ்வொரு பீப்பாயையும் சோதிப்பது இன்றியமையாதது, ஏனெனில் மருந்தாகக் கலந்தபின் நோயாளியால் வேறுபாட்டை உணர இயலாது. நஞ்சுண்டவருக்கு ஃபோமெபிசோல் மருந்தும் குருதிச் சுத்திகரிப்பும் அளிக்கப்படுகின்றன; அமிலம் உருவாகுமுன் தொடங்கினால் மட்டுமே முதலாவது நன்கு பயன்தரும்.