மன்னிப்பு யாருடைய கடமை? கிறிஸ்தவத் திருமணத்தில் பிரமாணிக்கமும் மணமுறிவும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

கணவனுக்கு வேறொரு பெண்ணுடன் உறவு இருப்பதை அறிந்த கிறிஸ்தவப் பெண், அதைச் சபைப் பெரியவர்களிடம் சொன்னால் பல வேளைகளில் முதலில் கிடைக்கும் பதில், "மன்னித்துவிடம்மா, ஜெபம் பண்ணு" என்பதுதான். இதே முறையீட்டை ஒரு கணவன் கொண்டுவந்தால் அந்தப் பதில் அவ்வளவு விரைவாக வருவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கக் காலத் திருச்சபையின் முக்கியமான சான்றுகளில் இந்த வேறுபாட்டுக்கு ஆதாரம் இல்லை. உரோமைச் சட்டமும் ஊர் வழக்கமுமே அதைச் சபைக்குள் கொண்டுவந்தன. ஆங்கிலேயர் சட்டம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2001இல் மணமுறிவுச் சட்டத்திலிருந்து அது நீங்கியது. இவற்றை இக்கட்டுரை காலவரிசையில் நிறுவ முயல்கிறது.

1. வேதாகமச் சான்றுகள்

உபாகமம் 24ஆம் அதிகாரத்தின்படி தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுப்பவன் கணவன். எந்தக் காரணத்துக்காக அதைக் கொடுக்கலாம் என்பதில்தான் யூத அறிஞர்களிடையே விவாதம் இருந்தது. ஷம்மாய் வழியினர் ஒழுக்கக்கேடு மட்டுமே காரணம் என்றனர். ஹில்லேல் வழியினர் சிறு குறைகளையும் காரணமாக ஏற்றனர். மனைவிக்கு என்ன உரிமை என்பது அந்த விவாதத்தின் மையத்தில் இல்லை.

இயேசுவிடம் இக்கேள்வி வந்தபோது அவர் படைப்பின் தொடக்கத்தைக் காட்டி, கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது என்றார். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இந்தப் போதனை கணவனையும் மனைவியையும் தனித்தனியே குறிப்பிட்டு, இருவருக்கும் ஒரே அளவில் சொல்லப்படுகிறது. மத்தேயு நற்செய்தியில் (5:32, 19:9) மட்டும் ஒழுக்கக்கேடு விதிவிலக்காக இடம்பெறுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தில், பிரிந்தவள் மறுமணம் செய்யாதிருக்கட்டும் அல்லது கணவனோடு ஒப்புரவாகட்டும் என்கிறார். நம்பிக்கை கொள்ளாத துணை தானே பிரிந்து போனால் சகோதரனோ சகோதரியோ கட்டுப்பட்டவரல்லர் என்றும் சொல்கிறார். மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ள அதிகாரம் கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உண்டு என்று அதே அதிகாரத்தில் அவர் எழுதியது, அக்காலச் சமூகத்தில் கேட்டுப் பழகாத ஒன்று.

பின்வந்த நூற்றாண்டுகளின் வாதங்களெல்லாம் இந்தச் சில வசனங்களைச் சுற்றியே நடந்தன.

2. உரோமைச் சட்டமும் தொடக்கத் திருச்சபையும்

கி.மு. 18இல் பேரரசர் அகுஸ்துஸ் கொண்டுவந்த ஜூலியச் சட்டம் விபசாரத்தைக் குற்றமாக்கியது. ஆனால் அது மணமான பெண்ணை மையமாகக் கொண்ட குற்றம். மணமான ஆண் அடிமைப் பெண்ணிடமோ விலைமகளிடமோ சென்றால் அது விபசாரமாகாது. மனைவியின் தவறு தெரிந்தும் அவளை விலக்காத கணவன், மனைவியை வைத்துப் பிழைப்பவன் என்று தண்டிக்கப்படலாம். அதாவது, மனைவியை மன்னிக்கும் கணவனையே அச்சட்டம் குற்றவாளியாக்கியது.

இந்தப் பின்னணியில்தான் இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்ற நூலைப் பார்க்க வேண்டும். துணையின் தவறு தெரிந்தபின் என்ன செய்வது என்பதற்கு அதன் நான்காம் கட்டளை நேரான விடை தருகிறது. மனைவி பாவத்தில் தொடர்ந்தால், அறிந்த கணவன் அவளோடு வாழக் கூடாது. வாழ்ந்தால் அவனும் அந்தப் பாவத்தில் பங்காளி. விலக்கியபின் அவன் தனித்திருக்க வேண்டும்; வேறு மணம் செய்யக் கூடாது. காரணம், அவள் மனந்திரும்பி வர இடம் இருக்க வேண்டும். மனந்திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளாதது பெரும்பாவம். ஆனால் இந்த வாய்ப்பு திரும்பத் திரும்பக் கிடைப்பதில்லை. இவையனைத்தும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்று அந்நூல் தெளிவாகச் சொல்கிறது.

இங்கே மூன்று செய்திகள் கவனத்துக்குரியவை. மன்னிப்பு மனந்திரும்புதலைத் தொடர்ந்து வருகிறது. பாவம் தொடரும்போது பிரிந்திருப்பது கடமையாகிறது. இருபாலருக்கும் ஒரே அளவுகோல் உண்டு.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் அந்த அளவுகோல் சரிந்தது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம், விபசாரம் செய்த கணவனைவிட்டு விலகிய பெண் மறுமணம் செய்யத் தடை விதித்தது. மீறினால், சாகக் கிடக்கும் நோய் வந்தாலன்றி, முதல் கணவன் இறக்கும்வரை அவளுக்கு நற்கருணை இல்லை. 314இல் கூடிய ஆர்ல் சங்கமோ, விபசாரம் செய்த மனைவியை உடைய இளம் கணவர்கள் மறுமணம் செய்யாதிருக்குமாறு இயன்றவரை அறிவுரை கூறப்பட வேண்டும் என்றது. பெண்ணுக்குத் தண்டனை, ஆணுக்கு அறிவுரை.

இந்தச் சரிவைத் திருச்சபைத் தந்தையர் காணாமல் இல்லை. செசரியா ஆயர் பேசில், ஆண்டவரின் சொல் இருவருக்கும் பொதுவானது என்று எழுதினார். ஆனால் ஒழுக்கம் தவறிய கணவனையும் மனைவி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே வழக்கம் என்றும், அதற்குக் காரணம் காண்பது எளிதல்ல என்றும் ஒப்புக்கொண்டார். அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரி இன்னும் வெளிப்படையாகப் பேசினார். சட்டம் இயற்றியவர்கள் ஆண்கள், ஆகவே சட்டம் பெண்களுக்கு எதிராக இருக்கிறது. இத்தகைய சட்டத்தைத் தாம் ஏற்கவில்லை என்று அவர் தம் 37ஆம் உரையில் அறிவித்தார்.

உரோமையில் வாழ்ந்த ஃபபியோலா என்ற உயர்குடிப் பெண்ணின் வரலாறு இதற்கு உயிருள்ள சான்று. ஒழுக்கங்கெட்ட கணவனை விலக்கிவிட்டு அவர் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் கணவன் இறந்தபின், உரோமை நகரமே பார்த்திருக்க, இலாத்தரன் பேராலயத்தில் பாவப்பரிகாரக் கோலத்தில் நின்றார். பின்னர் தம் சொத்தை விற்று நோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்தார். அவர் இறந்தபின் ஜெரோம் எழுதிய 77ஆம் கடிதம், பேரரசர்களின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு என்று கூறி, பெண்ணுக்குத் தகாதது ஆணுக்கும் தகாது என்று முடிவுகட்டுகிறது. ஆயினும் நகரத்தார் முன் நின்று பரிகாரம் செய்தவர் ஃபபியோலா. முதல் கணவன் அப்படி நின்றதாக அக்கடிதத்தில் செய்தி இல்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், பொல்லென்சியு என்பவருக்கு எழுதிய நூலில், மனந்திரும்பிய மனைவியைக் கணவன் ஏற்றுக்கொள்ளலாம் என்று வாதிட்டார். யோவான் நற்செய்தியில் வரும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சியை அதற்குச் சான்றாக்கினார். தங்கள் மனைவியருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று அஞ்சிய சிலர், அந்தப் பகுதியைத் தங்கள் ஏட்டுப் பிரதிகளிலிருந்தே நீக்கிவிட்டதாகவும் எழுதினார். பெண்ணுக்கு அளிக்கப்படும் மன்னிப்பைக் கண்டு ஆண்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

3. கிழக்கும் மேற்கும்

கிழக்கில் பேரரசின் சட்டமும் திருச்சபையும் இணைந்து நடந்தன. 542இல் ஜஸ்டினியன் பிறப்பித்த 117ஆம் புதுச்சட்டம் மணமுறிவுக்கான காரணங்களை வரையறுத்தது. அதிலும் மனைவியின் விபசாரமே போதிய காரணம். கணவன் அதே வீட்டிலோ அதே ஊரிலோ வேறொருத்தியை வைத்து வாழ்ந்தால்தான் மனைவி வழக்காட முடியும். கிழக்குத் திருச்சபை காலப்போக்கில் மனித பலவீனத்துக்கு இரங்கி, பரிகார மன்றாட்டுகளோடு இரண்டாம் திருமணத்தை அனுமதித்தது.

மேற்கில் அகுஸ்தீனின் வழி வலுத்தது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம், விபசாரத்தாலும் திருமணப் பிணைப்பு முறிவதில்லை என்ற போதனையை உறுதிசெய்தது. பிரிந்து வாழலாம், மறுமணம் இல்லை. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (1983) இந்த மரபையே தொடர்கிறது. அதன் 1152ஆம் பிரிவு, தவறிழைத்த துணையை மன்னிக்கும்படி குற்றமற்றவரை மிகவும் வேண்டிக்கொள்கிறது. அதே வேளையில் பிரிந்து வாழும் உரிமையையும் இருபாலருக்கும் சமமாக அளிக்கிறது. ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தால் மன்னித்ததாகக் கொள்ளப்படும்.

சீர்திருத்தச் சபைகள் திருமணத்தை அருளடையாளங்களின் வரிசையிலிருந்து எடுத்து, மணமுறிவுக்கு வழி திறந்தன. 1522இல் லூத்தர் தம் திருமண நூலில் விபசாரத்தை அதற்கான காரணங்களுள் ஒன்றாக ஏற்றார். ஆனால் தனியே கண்டித்துத் திருத்தி ஏற்றுக்கொள்ளும் வழியையும் சொன்னார். ஜெனீவாவில் 1546இல் கால்வின் முன்னின்று வரைந்த திருமண ஒழுங்கு, பழங்காலத்தில் மனைவியின் உரிமை கணவனுடையதற்குச் சமமாக இல்லை என்பதைக் குறிப்பிட்டு, பவுலின் போதனையை ஆதாரமாக்கி, கணவனின் விபசாரத்துக்காக மனைவியும் மணமுறிவு கேட்கலாம் என்றது.

4. இங்கிலாந்துச் சட்டம்

இங்கிலாந்து ஜெனீவாவின் வழியில் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் நிறைவேற்றினால்தான் மறுமண உரிமையுள்ள மணமுறிவு கிடைக்கும் என்ற நிலை உருவானது. அதற்குப் பெரும் பொருட்செலவு ஆகும். 1857 வரை இவ்வழியில் மணமுறிவு பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே. முதலாமவர் 1801இல் பெற்றார்.

1857ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வதிகாரத்தை நீதிமன்றத்துக்கு மாற்றியது. ஆனால் கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும். அகுஸ்துஸின் இரட்டை அளவுகோல் விக்டோரியா ஆட்சியின் சட்டமாக மறுபிறவி எடுத்தது.

5. இந்தியா: 1866, 1869

மதம் மாறியதால் துணையால் கைவிடப்பட்டவர்களுக்காக 1866இல் ஒரு சட்டம் வந்தது. பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதே அதன் அடிப்படை. கைவிட்டவர் மனம் மாறச் சட்டம் ஓராண்டு அவகாசமும் தந்தது. ஒப்புரவுக்கு இடம் வைத்த சட்டம் அது.

அதன்பின் வந்த 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டம், 1857ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் பிரதி. திருநெல்வேலியில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு இச்சட்டத்தின் பொருள் என்ன? கணவன் வேறொரு பெண்ணோடு பத்தாண்டு வாழ்ந்தாலும் அது மட்டும் போதாது. கொடுமை அல்லது இரண்டாண்டுக் கைவிடல் போன்ற ஒன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். விபசாரம் இல்லாமல் அவன் அடித்து உதைத்தால் நீதிமன்றப் பிரிவினை மட்டுமே கிடைக்கும், மணமுறிவு கிடைக்காது. மனைவியின் காதலனிடம் இழப்பீடு கேட்கக் கணவனுக்கு 34ஆம் பிரிவு உரிமை தந்தது. மனைவிக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. மாவட்ட நீதிபதி மணமுறிவுத் தீர்ப்பளித்தாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தால்தான் செல்லும்.

மன்னிப்பு இச்சட்டத்தில் வந்த விதம் தனிக் கவனத்துக்குரியது. துணையின் விபசாரத்தை மன்னித்தவர் அக்காரணத்துக்காக மணமுறிவு கோர முடியாது. இல்லற வாழ்வு மீண்டும் தொடங்கியிருந்தாலோ தொடர்ந்திருந்தாலோதான் மன்னித்ததாகக் கொள்ள வேண்டும் என்று 14ஆம் பிரிவு கூறியது. எழுத்தில் இது இருபாலருக்கும் பொதுவான விதி. நடைமுறையில் பிறந்த வீட்டுக்குப் போக வழியில்லாமல், பிள்ளைகளுக்காக அதே கூரையின்கீழ் தங்கியவள் பெண். அவள் வேறு வழியின்றித் தங்கியதை மன்னிப்பு என்று வாதிட எதிர்த்தரப்புக்கு வாய்ப்பு இருந்தது. ஹெர்மாஸின் நூலில் மனந்திரும்பியவருக்குத் திறந்த வாசலாக இருந்த மன்னிப்பு, இங்கே பாதிக்கப்பட்டவரின் வழக்கை அடைக்கும் கதவாயிற்று.

6. மாற்றத்தின் நூற்றாண்டு

இங்கிலாந்து 1923இல் இருபாலருக்கும் சம நிலையை அளித்தது. இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்த நிலை வர மேலும் 78 ஆண்டுகள் ஆயின. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டம் பரஸ்பர சம்மத மணமுறிவையும் ஏற்றிருந்தது. 1983இல் சட்ட ஆணையம் தன் 90ஆம் அறிக்கையில் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் மணமுறிவுக் காரணங்களைக் கூறும் 10ஆம் பிரிவைத் திருத்தப் பரிந்துரைத்தும் அரசு அசையவில்லை.

நீதிமன்றங்கள் முந்திக்கொண்டன. 1995இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கொடுமையோ கைவிடலோ மட்டுமே மனைவிக்குப் போதிய காரணமாகும் வகையில் 10ஆம் பிரிவின் சில சொற்களை நீக்கியது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அப்பிரிவின் பாகுபாடு அரசமைப்புக்கு முரணானது என்றது. 2001ஆம் ஆண்டின் 51ஆம் எண் திருத்தச் சட்டம் இருபாலருக்கும் பொதுவான காரணங்களைத் தந்தது. இழப்பீட்டுப் பிரிவையும் உயர் நீதிமன்ற உறுதிப்பாட்டையும் நீக்கியது. பரஸ்பர சம்மத மணமுறிவைச் சேர்த்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், விபசாரத்தைக் குற்றமாக்கி, கணவனை மட்டுமே பாதிக்கப்பட்டவனாகக் கண்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்துசெய்தது.

சபைகளின் சிந்தனையும் மாறியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' ஊக்கவுரை, வன்முறையும் தொடர்ந்த கொடுமையும் உள்ள இடத்தில் பிரிந்துபோவது சில வேளைகளில் ஒழுக்கநெறிப்படியே தேவையாகிறது என்று ஏற்றது. ஆனால் கத்தோலிக்கத் தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் நாட்டுச் சட்டம் அதை ஏற்பதில்லை. அதற்கு அங்கீகாரம் கோரிய மனுவை 2017இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே இரண்டு வாசல்களிலும் ஏறி இறங்க வேண்டிய நிலை தொடர்கிறது.

முடிவுரை

கிறிஸ்தவத் திருமணத்தில் மன்னிப்புக்கு உயர்ந்த இடம் உண்டு. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மூத்த மரபில் அது தவறிழைத்தவரின் மனந்திரும்புதலோடு சேர்ந்தே வருகிறது. ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே குரலில் கேட்கப்படுகிறது. பாவம் தொடரும்போது விலகி நிற்பதையும் கடமையாக்குகிறது. பாதிக்கப்பட்டவளை மட்டும் அழைத்துப் பொறுமை போதிப்பது 'கல்லானாலும் கணவன்' என்ற ஊர் வழக்கமே. அதற்கு வேதாகமச் சாயம் பூசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மணமுறிவுச் சட்டம் 2001இல் சமநிலைக்கு வந்துவிட்டது. மிஞ்சியிருப்பது பிரசங்க மேடையும் திருமண ஆயத்த வகுப்பும் சமரசப் பேச்சு நடக்கும் வீட்டுக் கூடமும்தான். ஒருவர் முறையீட்டோடு வரும்போது, "மன்னித்தாயா?" என்று அவரைக் கேட்பதற்கு முன், தவறிழைத்தவரைக் கூப்பிட்டு, "மனந்திரும்பினாயா?" என்று கேட்பதைச் சபைகள் ஒழுங்காகவே ஏற்படுத்த வேண்டும்.