கச்சா என்று பெயர் பெற்ற வீடு: அசாமின் நிலநடுக்கங்களும் ஒரு சொல்லின் வரலாறும்

1897ஆம் ஆண்டு ஜூன் 12, சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணியளவில் ஷில்லாங் குலுங்கியது. 1874 முதல் அசாம் மாகாணத்தின் தலைநகராக இருந்த அந்த மலைநகரில் ஆங்கிலேய ஆட்சி எழுப்பியிருந்த கல் கட்டடங்கள் யாவும் சில நொடிகளில் இடிந்து விழுந்தன. நிலநடுக்கத்தின் அளவு 8ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ இருந்திருக்க வேண்டும் என்பது இன்றைய மதிப்பீடு. இறந்தோர் ஏறத்தாழ 1,500 பேர். அதிர்ச்சியின் வலிமையோடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை குறைவு. மாலை வேளையாதலால் மக்களில் பலர் வீட்டுக்கு வெளியே இருந்தனர் என்பது அதற்கான ஒரு காரணம். அவர்களுள் பெரும்பாலோர் எத்தகைய வீடுகளில் வாழ்ந்தனர் என்பது இன்னொரு காரணம். வரலாற்று மாணவர்கள் போதிய அளவு கவனிக்காதது இந்த இரண்டாவது காரணத்தைத்தான்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் இந்த நிலநடுக்கத்தைப் பற்றி 1899இல் வெளியிட்ட அறிக்கை, நிலநடுக்கவியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. நிலநடுக்க அலைகளைத் தனித்தனியே பிரித்தறிந்ததற்கும், 1906இல் பூமிக்கு ஓர் உட்கரு உண்டு என்று நிறுவியதற்கும் அவரை அறிவியல் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த அறிக்கையில் சமூக வரலாற்றுக்கு உரிய செய்தி ஒன்றும் உள்ளது. ஷில்லாங்கின் வீடுகளை அவர் வகை பிரித்துப் பார்த்தார். கல் கட்டடங்கள் அனைத்தும் விழுந்தன. மரச்சட்டத்தில் நாணலை நிரப்பிக் காரை பூசிய வீடுகளில் ஏறத்தாழப் பாதி சேதமுற்றன. மரச்சட்டத்தின்மேல் பலகை அடித்து, தரையோடு பிணைக்காமல் வெறுமனே வைக்கப்பட்டிருந்த வீடுகளுக்கு எதுவும் ஆகவில்லை. நாணல் வீடுகளிலும் பாதி தப்பவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேதமுற்ற நாணல் சுவர் விழும்போது அதனடியில் இருப்பவர்மீது இறங்கும் எடையும், கற்சுவர் விழும்போது இறங்கும் எடையும் ஒன்றல்ல.

இதன் இயற்பியல் எளியது. நிலம் அசையும்போது ஒரு கட்டடத்தின்மேல் செயல்படும் விசை அதன் நிறையைப் பொறுத்தது. கனத்த சுவர் தன் கனத்தாலேயே உடைகிறது. இலேசான சட்டகம் வளைந்து, ஆடி, பின் நிலைபெறுகிறது.

1897க்குப் பின் மாகாண அரசு இந்தப் பாடத்தைக் கட்டட விதியாக மாற்றிக்கொண்டது. கல்லாலான அனைத்துப் புனிதர் தேவாலயம் இடிந்துபோன ஷில்லாங்கில், புதிய தேவாலயம் 1902இல் மரச்சட்டகத்தில் எழுந்தது. அதிகாரிகளின் பங்களாக்கள், பள்ளிக்கூடங்கள், இரயில்வே குடியிருப்புகள், தேயிலைத் தோட்ட மாளிகைகள் எனப் பரவிய இந்த அமைப்புக்குப் பொதுப்பணித்துறை ஏடுகளில் ‘அசாம் டைப்’ என்ற பெயர் நிலைத்தது. அசாமியர் பேச்சிலும் இன்றுவரை அதே ஆங்கிலத் தொடர்தான்.

பெரும்பாலும் ஒரே தளம். முழங்கால் உயரத்திற்கோ இடுப்பளவுக்கோ செங்கல் அடிச்சுவர். அதன்மேல் இரும்பு முடுக்காணிகளால் பிணைத்த சால மரத் தூண்கள். தூண்களுக்கு இடையே ஆற்றங்கரைகளில் தானாக வளரும் ‘இக்ரா’ என்னும் நாணல். அதன் இருபுறமும் மண்ணும் சாணமும், பிற்காலத்தில் சுண்ணாம்போ சிமெண்டோ கலந்த பூச்சு. மேலே முதலில் வைக்கோல் அல்லது புல், பின்னர் நெளிதகரம். இதைப் ‘பழங்கால மரபறிவு’ என்று புகழும் எழுத்துகள் இப்போது மிகுதி. அது முழு உண்மையன்று. நாணற்சுவர் அசாமியக் குடியானவருடையது. முடுக்காணியும் நெளிதகரமும் அளந்து அறுத்த கூரைச்சட்டமும் காலனியப் பொறியாளர் கொண்டுவந்தவை. ஒரு பேரிடருக்குப் பின், ஆள்வோர் ஆளப்படுவோரின் வீட்டை உற்றுப்பார்க்க நேர்ந்ததன் விளைவு இந்தக் கலப்பு. இந்தியக் காலனிய வரலாற்றில் அறிவு இத்திசையில் பயணித்த நேரங்கள் அதிகமில்லை.

அந்த வீட்டின் தேர்வு 53 ஆண்டுகள் கழித்து வந்தது. 1950 ஆகஸ்ட் 15, சுதந்திர நாள், இரவு எட்டு மணிக்குச் சற்று முன். அளவு 8.6. கருவிகளால் பதிவான நிலநடுக்கங்களுள் நிலப்பரப்பில் நிகழ்ந்தவற்றில் இதனினும் பெரியது இல்லை. மையம் மிஷ்மி மலைகளை ஒட்டிய திபெத் எல்லை. அப்போது ரிமாவில் கூடாரமிட்டிருந்த தாவரவியல் பயணி பிராங்க் கிங்டன்-வார்டு அந்த இரவைப் பற்றி எழுதியவை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. அசாமில் இந்த நிகழ்வின் பெயர் ‘பொர் பூய்ங்கொப்’, அதாவது பெரும் நிலநடுக்கம். தமிழ் ‘பூகம்ப’மும் அசாமிய ‘பூய்ங்கொப்’பும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. தமிழில் அது நூற்சொல்லாகவே தங்கிவிட, அங்கே வாயில் உருண்டு தேய்ந்து வீட்டுச்சொல் ஆகிவிட்டது.

1950இல் மனிதரைக் கொன்றதில் நீருக்குப் பெரும் பங்கு உண்டு. சரிந்த மலைகள் ஆறுகளை மறித்தன. சுபன்சிரி ஆற்றில் உருவான அத்தகைய அணை எட்டு நாட்கள் கழித்து உடைந்தபோது, நிலநடுக்கத்தில் தப்பியவர்களில் 500க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். மலைகளிலிருந்து இறங்கிய மண் பிரம்மபுத்திராவின் படுகையை உயர்த்தியது. திப்ருகர் நகரின் ஒரு பெரும் பகுதியை 1954இல் ஆறு அரித்துச் சென்றது. மாஜுலி ஆற்றுத்தீவு, 2016இல் தனி மாவட்டமானபோது, ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்த தன் பரப்பில் பாதிக்கும் மேலாக இழந்திருந்தது.

ஆகவே இப்பகுதியில் ஒரு குடும்பத்தின் முன்னாயத்தம் என்பது இரண்டு அபாயங்களைச் சேர்த்து எண்ணுவது. மாஜுலியின் மிசிங் மக்கள் வாழும் ‘சாங் கர்’ இதற்குச் சான்று. மூங்கில் அல்லது மரத் தூண்களின்மேல் ஆளுயரத்திற்கு எழுப்பிய நீண்ட வீடு அது. பிளந்த மூங்கிலால் தளம். கீழே பன்றியும் கோழியும் தறியும். வீட்டின் நடுவே அடுப்பு, அதற்கு மேல் தானியமும் மீனும் உலரத் தொங்கும் அடுக்குகள். வெள்ளம் வந்தால் கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டு மனிதர் மேலேயே இருப்பர். ஆறு நிலத்தைத் தின்னத் தொடங்கினால் வீட்டைக் கழற்றி வேறிடத்தில் நிறுத்துவர். நெல் தனிக் களஞ்சியத்தில், அதுவும் உயரத்தில். வாழைத்தண்டுகளைக் கோத்துச் செய்யும் மிதவையைக் கட்ட எல்லோருக்கும் தெரியும். கீழ் அசாமில் விளையும் ‘போகா சாவுல்’ என்னும் அரிசியைத் தண்ணீரில் ஊறவைத்தாலே சோறாகும். விறகு நனைந்து கிடக்கும் வாரங்களில் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தகைய வீட்டுக்கு நாடு இட்ட பெயர் ‘கச்சா’. ‘பக்கா’, ‘கச்சா’ என்பவை வட இந்திய மொழிகளில் முதலில் பழத்துக்கும் சமையலுக்கும் உரியவை: கனிந்தது, கனியாதது, வெந்தது, வேகாதது. ‘பக்கா’வின் வேரான வடமொழிப் ‘பக்வ’வே தமிழில் ‘பக்குவம்’. ‘கச்சா’ தமிழில் எண்ணெயோடு வருகிறது. வீட்டுக்கு வரும்போது செங்கல்லும் காங்கிரீட்டும் வெந்தவை, மூங்கிலும் நாணலும் மண்ணும் வேகாதவை. அசாமிய மொழியிலும் ‘பொகா கொர்’ என்றால் காங்கிரீட் வீடு, வசதியின் அடையாளம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதே பாகுபாட்டை நிலையானது, அரைநிலையானது, தற்காலிகமானது என்று சற்று நாகரிகமாக வைத்துக்கொண்டது. அளவுகோல் சுவருக்கும் கூரைக்கும் பயன்பட்ட பொருள் மட்டுமே. அதன்படி நாணற்சுவரும் தகரக் கூரையும் கொண்ட அசாம் டைப் அரைநிலையானது. மூங்கிற்சுவரும் புல் கூரையும் கொண்ட சாங் கர் தற்காலிகமானது. இரு பெரும் நிலநடுக்கங்களைக் கண்ட நிலத்தில், 1962இல் வந்த முதல் இந்திய நிலநடுக்க விதித்தொகுப்புக்குப் பிறகும், ஒரு வீடு அதிர்ச்சியைத் தாங்குமா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இடம்பெறவில்லை. இது வெறும் சொற்பிரச்சினை அன்று. எந்தக் குடும்பம் ஏழை, யாருக்கு அரசு வீடு என்பதை இந்தச் சொற்களே தீர்மானிக்கின்றன. தாங்கும் வீட்டை வைத்திருப்பவர் வீடற்றவருக்கு அடுத்த படியில் நிற்கிறார்.

எனினும் மாற்றத்துக்குச் சொல் மட்டும் காரணமன்று. நாணற்சுவருக்கு அடிக்கடி பூச்சு வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுந்தது. வெள்ளம் வடிந்ததும் சுவரின் கீழ்ப்பகுதி அழுகும். கரையான் வேறு. இவற்றோடு வாழ்ந்தவர் காங்கிரீட்டை விரும்பியதில் பேதைமை ஒன்றுமில்லை. மேகாலயா 1972இல் பிரிந்த பிறகு தலைநகர் கவுகாத்தியின் திஸ்பூருக்கு வந்தது. மனை விலை ஏறியதும் ஒற்றைத்தள வீடு ஊதாரித்தனம் ஆயிற்று. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்கு விதித்த கட்டுப்பாடுகளால் சால மரத் தூண் எட்டாப்பொருள் ஆனது. தச்சருக்கு வேலை குறைந்தது, அவர்களின் மக்கள் வேறு தொழிலுக்குப் போயினர். காங்கிரீட்டும் முறையாகக் கட்டினால் தாங்கும். ஆனால் சிறு நகரங்களில் பொறியாளர் இல்லாமல், தூணும் உத்தரமும் சேருமிடத்தில் கம்பியைச் சிக்கனம் பிடித்து, கீழ்த்தளத்தைக் கடைக்கும் வண்டிக்கும் திறந்துவிட்டு எழுப்பிய நான்கு மாடியும் ‘பக்கா’ என்ற அதே தலைப்பின்கீழ்தான் வருகிறது.

2021 ஏப்ரல் 28 காலையில் சோணித்பூர் மாவட்டத்தின் தேக்கியாஜுலிக்கு அருகே 6.4 அளவில் நிலம் அதிர்ந்தது. 1950இன் அதிர்ச்சியில் வெளிப்பட்ட ஆற்றல் இதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. ஆயினும் தேஜ்பூரிலும் கவுகாத்தியிலும் அடுக்குமாடிகளின் சுவர்கள் பிளந்தன. நகாவோனில் ஒரு கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின்மேல் சாய்ந்து நின்ற படம் அன்று நாடு முழுவதும் பகிரப்பட்டது. கவுகாத்தியின் பழைய தெருக்களில் எஞ்சியிருக்கும் அசாம் டைப் வீடுகள் அதன் பின்னும் ஒவ்வொன்றாக அடுக்குமாடி மனைகளாகி வருகின்றன.